மருந்தகத்தில் இதயத் துடிப்புப் பரிசோதனை: பார்மசி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பை ஏறத்தாழ 5 மடங்கு கூட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருந்தகங்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 1,000 பேரைக் கைப்பேசி ஈசிஜி (விரல்கள் வழியே இதயத்தின் மின்துடிப்பைக் கோடாகப் பதியும் கருவி) கொண்டு பரிசோதித்து 2014-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 1.5 சதவீதத்தினரிடம் அதுவரை அறியப்படாதிருந்த இக்கோளாறு கண்டறியப்பட்டது. 65 வயதைத் தொட்டவர்கள் வேறு காரணத்துக்காக வரும்போதே நாடியையோ ஈசிஜியையோ பார்த்துவிட வேண்டும் என்று அந்நாட்டின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் கூறுகிறது.

ஆகவே, "படபடப்பு உண்டா?" என்று கேட்டு, இல்லை என்பவரை அனுப்பிவிடுவதுதான் முதல் தவறு. இக்கோளாறு உள்ள பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை.

நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது அடுத்த தவறு. அதில் வேகம் தெரியும், தாளம் தெரியாது. தாளம் தப்புகிறதா என்று அறிய முழு நிமிடம் தேவை. கட்டைவிரலால் தொட்டால் நம் நாடியே குழப்பும் என்பதால், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் வைக்க வேண்டும்.

ஈசிஜி எடுப்பதில்தான் அவசரம் மிகுதியாகக் கெடுக்கிறது. நடந்து வந்த களைப்போடு நிற்பவரின் கையில் கருவியைக் கொடுத்தால், அவர் அதை இறுகப் பிடிப்பார். தசை நடுக்கம் கோட்டில் ஏறி, தாளத்தை அறிய உதவும் சிறிய பி அலைகளை மறைத்துவிடும். சில நிமிடம் உட்காரவைத்து, முன்கைகளை மேசைமேல் ஊன்றச் சொல்லி, விரல்களை அழுத்தாமல் வைக்கச் செய்து, பதிவு நடக்கும் 30 விநாடியும் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் கோடு தெளியும். வறண்ட விரல்களைச் சற்று ஈரப்படுத்தலாம்.

திரையில் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கலாம்' என்று வந்தவுடன் "உங்களுக்கு இதய நோய்" என்று சொல்வது, என் கருத்தில், மன்னிக்க முடியாதது. இடையிடையே முந்திவரும் துடிப்புகளும் கருவியை ஏமாற்றக்கூடும். ஈசிஜியை மருத்துவர் பார்த்து உறுதிசெய்யும்வரை அது சந்தேகம் மட்டுமே. ஈசிஜி பதிவு, நாடித் துடிப்பு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றுடன் குடும்ப மருத்துவருக்குக் கடிதம் போக வேண்டும். அதற்குமுன் மேற்பார்வை மருந்தாளுநர் பார்த்தாக வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், கடும் மூச்சுத்திணறல் இருப்பின் கடிதத்துக்குக் காத்திராமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

முடிவு இயல்பாக இருந்தாலும் கவனம் தேவை. இக்கோளாறு வந்து வந்து போகக்கூடியது; அந்த 30 விநாடியில் இல்லை என்பதே இயல்பான முடிவின் பொருள். குறிப்பாக, ஏற்கெனவே இக்கோளாற்றுக்காக அபிக்ஸபான், வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்பவரிடம் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் மருந்தை நிறுத்திவிடலாம். அதை நிறுத்தக் கூடாது என்பதையும், ஆஸ்பிரின் அதற்கு மாற்றாகாது என்பதையும் அவர் புறப்படுமுன் தெளிவாகக் கூற வேண்டும்.