வீட்டுப்பாடத்தை டைரியில் எந்தத் தேதியில் எழுதுவது?

உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை டைரியில் கொடுத்த நாளுக்கு நேராக எழுதாமல், ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு நேராக எழுதிவைத்தால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும். அப்புறம், கொடுத்த அன்றைக்கு மாலையே அதில் ஒரு பத்து நிமிட வேலையையாவது, முதல் கணக்கோ முதல் பத்தியோ, தொட்டுவிட வேண்டும்.

தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான், எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அவருக்கே தெரியும். இங்கே பாடத்துக்கு ஒருவர், அறிவியல் ஆசிரியர் வெள்ளிக்கிழமை கேட்டிருப்பது வரலாற்று ஆசிரியருக்குத் தெரியாது, அவரும் அதே வெள்ளியைத்தான் சொல்வார். ஒப்படைக்கும் நாளில் எழுதினால் இந்த நெருக்கடி முன்கூட்டியே கண்ணில் பட்டுவிடும். பத்து நிமிடம் எதற்கென்றால், மறதிக்கு முதல் நாளில்தான் வேகம் அதிகம் (ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதிவிட்டார்), மூன்று நாள் கழித்து நோட்டைத் திறந்தால் பாடத்தையே மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

மறுநாளே கேட்கும் வீட்டுப்பாடத்துக்கு இதெல்லாம் வேண்டாம், உட்கார்ந்து முடித்துவிடலாம். பள்ளியின் செயலியே தேதிவாரியாகக் காட்டுகிறது என்றால் டைரியில் திரும்ப எழுதுவதும் வீண் வேலை. குழுவாகச் செய்யும் ப்ராஜெக்டுக்கு மட்டும் ஒரு தேதி போதாது, யார் எந்தப் பகுதியை எப்போது தருவது என்று தனித்தனியாகத் தேதி போட்டாக வேண்டும்.