குடியரசின் முதல் ஆண்டுகளைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறை

இந்தியாவின் தொடக்க கால வரலாற்றைச் சொல்ல முனையும் பெற்றோரும் ஆசிரியரும் பெரும்பாலும் 1947 ஆகஸ்ட் 15-இல் கொடி ஏறியதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அதற்கடுத்து 1956 வரையிலான காலமே பத்து வயதுக் குழந்தைக்கு மிகவும் ஏற்றது. அன்று நாட்டின் முன் நின்ற சிக்கல்களைக் குழந்தையும் தானே யோசித்துத் தீர்த்துப் பார்க்க முடியும்.

ஆண்டு வரிசையை ஒதுக்கிவிட்டு, முதல் பொதுத் தேர்தலிலிருந்து தொடங்குங்கள். 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்த அத்தேர்தலில் 17 கோடிக்கும் அதிகமானோர் வாக்குரிமை பெற்றிருந்தனர். எழுத்தறிந்தவர்களோ மக்கள்தொகையில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர்தாம். பெயரைப் படிக்கத் தெரியாதவர் எப்படி வாக்களித்திருப்பார் என்று கேட்டுவிட்டு, விடை சொல்லாமல் காத்திருங்கள். படம், நிறம் என்று பிள்ளைகள் தமக்குத் தோன்றியதைச் சொன்ன பிறகு, சுகுமார் சென் தலைமையிலான தேர்தல் ஆணையம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டி, குறி எதுவும் இடாத சீட்டை விரும்பிய பெட்டியில் போடச் செய்ததை விளக்குங்கள்.

அட்டைப் பெட்டிகளில் சின்னம் வரைந்து ஒட்டி இதை நடத்திப் பார்க்கலாம். பெட்டிகளைத் திரைக்குப் பின்னால் வையுங்கள். அதற்கான காரணத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அடுத்து வாக்காளர் பட்டியலுக்கு வாருங்கள். அன்று சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்துகொண்ட ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். விளையாட்டில் ஒரு பிள்ளையை இன்னாரின் தங்கை என்று மட்டும் பதிந்து, சீட்டுத் தராமல் திருப்பி அனுப்பினால், அது நியாயமா என்ற சண்டை உடனே கிளம்பும். அதைத் தீர்த்துவைக்க அவசரப்பட வேண்டாம்.

அரசியலமைப்புச் சட்டத்துக்கு ஒரே கேள்வி போதும்: 1949 நவம்பர் 26-இல் ஏற்கப்பட்ட சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வர 1950 ஜனவரி 26 வரை ஏன் காத்திருந்தது? 1930-இல் அதே நாள் முழு விடுதலை நாளாகக் கொண்டாடப்பட்டது என்பதே விடை. சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்யவைப்பது வீண் வேலை.

நிலப்படம் இரண்டு வேண்டும், 1947-க்கு ஒன்று, 1956-க்கு ஒன்று. முதற்படத்தில் 560-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் சிதறிக் கிடப்பதைக் காட்டி, 1948-இல் சென்னை மாகாணத்தோடு இணைந்த புதுக்கோட்டையைத் தேடச் சொல்லுங்கள். இரண்டாவதில் கன்னியாகுமரி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆந்திர மாநிலம் கோரிச் சென்னையில் உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பரில் உயிர்நீத்த பொட்டி ஸ்ரீராமுலுவைப் பற்றிச் சற்றுப் பெரிய பிள்ளைகளிடம் பேசலாம்.

பிரிவினையை மட்டும் மழுப்பிவிடக் கூடாது. கொலைகளை விவரிக்கத் தேவையில்லை. எல்லைக் கோடு ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியிடப்பட்டது என்பதையும், அதனால் விடுதலை நாளன்று எந்த நாட்டில் இருக்கிறோம் என்று உறுதியாகத் தெரியாத ஊர்கள் இருந்தன என்பதையும் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.