ஐம்பது பொடியன்கள், ஒரு பந்து: 1869 ஆட்டத்தை ஆடிப் பார்ப்பது எப்படி

மட்டக்களப்புக் கல்லடியில் பின்னேரம் விசிலோடு மைதானத்துக்கு இறங்கினால் எனக்கு எப்போதும் ஒரே கணக்குத்தான்: பொடியன்கள் ஐம்பது, பந்து ஒன்று. இருபத்திரண்டு பேரை எடுத்துவிட்டு மிச்சப் பேரைக் கோட்டுக்கு வெளியே குந்தவைக்க ஒருநாளும் மனம் வந்ததில்லை. ஐம்பது பேருக்கும் தோதான ஆட்டம் ஒன்று இருக்கிறது.

1869 நவம்பர் 6ஆம் திகதி அமெரிக்காவின் நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகளின் மாணவர்கள் பக்கத்துக்கு 25 பேராக நின்று உருண்டைப் பந்தை உதைத்தார்கள். ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. அடுத்த கிழமை பிரின்ஸ்டன் மைதானத்துக்குப் போய் 8-0 என்று தோற்றது. அந்தப் பருவமே அந்த இரண்டு ஆட்டம்தான். இன்று தலைக்கவசம் போட்டு, இரு பக்கமும் கூரான பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த அமெரிக்க உதைபந்தாட்டத்தின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள். பந்தை முன்னே எறிய விதி இடம் கொடுத்தது 1906இல்தான்.

அவர்கள் மைதானம் 360 அடி நீளம், 225 அடி அகலம். நம் உதைபந்தாட்ட மைதானம் தாராளமாகப் போதும். கோல் அகலம் காலால் எட்டி வைக்கும் எட்டு அடி. அந்த அடிகளை நீங்களே வையுங்கள். பொடியன் வைத்தால் அவன் பக்கக் கோல் சுருங்கிவிடும்.

ரட்கர்ஸ் பொடியன்கள் அடையாளத்துக்குத் தலையில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். சிவப்புப் பருத்தித் துணி இரண்டு மீற்றர் வாங்கி, நான்கு விரல் அகலத்தில் குறுக்கே கிழித்தால் 25 பேருக்குக் காணும். முடிச்சு பிடரியில் இருக்கட்டும், நுனியைச் செருகிவிடுங்கள். முதல் தடவை நான் இதைக் கவனிக்கவில்லை. ஒருவனுக்குத் துணி வழுகிக் கண்ணை மூட, அவன் முழு வேகத்தில் தன் கோலுக்கே அடித்தான்.

ஆட்களைப் பிரிப்பது இப்படி: இரண்டு பேர் எதிரணிக் கோலடியிலேயே நிற்பார்கள். பதினொரு பேர் தங்கள் பாதியைக் காப்பார்கள். மீதிப் பன்னிரண்டு பேர் பந்து போகும் இடமெல்லாம் போவார்கள். அவர்களுக்கு அங்கே ‘புல்டோக்’ என்று பெயர்; எங்கள் பொடியன்கள் ‘கடிநாய்’ என்று மாற்றிக்கொண்டார்கள். சப்பாத்தோடு வந்தவனும் வெறுங்காலோடு வந்தவனும் அந்தப் பன்னிரண்டுக்குள் கலக்கக் கூடாது. எல்லோரும் சப்பாத்தைக் கழற்றட்டும், மணல்தானே.

பந்தைக் கையால் தட்டலாம். தூக்கிக்கொண்டு ஓடுவது, எறிவது, காலைத் தடுக்கி விழுத்துவது, ஆளைப் பிடிப்பது கூடாது. நேரக் கணக்கு வேண்டாம், பத்துக் கோல் விழுந்ததும் முடிவு. நடுவர் நான்கு பேர், மத்தியஸ்தர் இரண்டு பேர் என்பது அன்றைய ஏற்பாடு. தனியே விசிலோடு சமாளிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்து, ஏழாவது கோலா எட்டாவது கோலா என்று தெரியாமல் நின்றேன். அன்று இரண்டு அணிகளும் ஆட்டத்துக்குப் பிறகு ஒன்றாக இருந்து சாப்பிட்டார்களாம். நமக்குப் பணிசும் பிளேன்டீயும் போதும்.

நவம்பரில் இங்கே மைதானம் குளமாகிவிடும். மாசி, பங்குனி நல்லது. கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசும் காலமென்றால் நாலரைக்கு முன் இறங்க வேண்டாம்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. ஒரு கிழமை விட்டு இரண்டாவது ஆட்டத்தை வையுங்கள். இந்த முறை விதி மற்ற அணியுடையது. பிரின்ஸ்டன் விதிப்படி, உயர வரும் பந்தைக் கையில் பிடித்தவனுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓர் உதை. இந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள், போன கிழமை வென்றவர்கள் தடுமாறுவதைப் பார்க்கலாம். எங்களிடம் எல்லே (மட்டையால் பந்தை அடித்து ஓடும், எதிரணி பந்தைப் பிடிக்கும் ஆட்டம்) விளையாடும் உயரமான பொடியன்கள் மற்ற அணியில் இருந்தார்கள். அவர்கள் பிடித்துப் பிடித்து உதைக்க, சிவப்புத் துணிக்காரன் ஒருவன், “சேர், இது உதைபந்தா எல்லேயா?” என்று கத்தினான்.

“அவங்கட மைதானம், அவங்கட விதி, மனே,” என்றேன்.

மூன்றாவது ஆட்டம் யார் விதியில் என்று சண்டை வரும். வரட்டும். அங்கேயும் பொது விதி எழுத 1873இல் யேல், கொலம்பியா, பிரின்ஸ்டன், ரட்கர்ஸ் மாணவர்கள் நியூயோர்க்கில் கூட வேண்டியிருந்தது. அணிக்கு மூன்று பேரை வேப்பமரத்தடியில் இருத்தி, ஒரு கொப்பியும் பேனையும் கொடுங்கள். பந்தை மட்டும் நீங்கள் வைத்திருங்கள், இல்லாவிட்டால் எழுதமாட்டார்கள்.