கில்ட் தைக்க: எல்லாம் மடிப்புக் கணக்கில்தான்

ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுத்தும் கில்ட்டைக் கொசுவம் வைத்த பாவாடை என்று நினைத்துக் கத்தரிக்கோலை எடுத்தால், விலை கூடிய கம்பளி வீணாகும். முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இரண்டு ஏப்ரன் (மடிப்பில்லாத தட்டையான பகுதி), மடிப்பெல்லாம் பின்னால்.

துணி யாருக்கு 13 அல்லது 16 அவுன்ஸ் எடையுள்ள வூஸ்டட் (இறுக முறுக்கிய வழவழப்பான நூலில் நெய்த) கம்பளி. கொழும்பு வெக்கைக்கு 13 போதும். புறக்கோட்டையில் வாங்கும் மெல்லிய கட்டம் போட்ட பொலியெஸ்டரில் மடிப்பு கனமாக விழாது, காற்றில் பறக்கும். பைப் பாண்டுக்கு (பேக்பைப் வாத்தியக் குழுவுக்கு) தைப்பதென்றால் அதைத் தவிருங்கள். டார்ட்டன், அதாவது கட்டக் கோலம், எது என்பதை 2009இல் தொடங்கிய ஸ்கொட்லாந்து டார்ட்டன் பதிவேட்டில் உறுதிப்படுத்திய பிறகே துணிக்குச் சொல்லுங்கள்.

இடுப்பை தொப்புள் உயரத்தில் அளக்க வேண்டும். ஜீன்ஸ் நிற்கும் இடத்தில் அளந்தால் கில்ட் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். பிட்டத்தின் அகன்ற இடத்தில் இன்னோர் அளவு. நீளத்துக்கு ஆளை முழந்தாளிடச் சொல்லி, தொப்புளிலிருந்து நிலம்வரை அளந்து 1 அங்குலம் குறையுங்கள். இடுப்புக்கு மேலே எழும் பட்டிக்கு 2 அங்குலம் கூட்டுங்கள்.

டார்ட்டன் கோலம் ஒருமுறை முழுதாகத் திரும்பி வரும் தூரம்தான் செட். மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு செட்டை விழுங்கும். செட் 6 அங்குலம், மடிப்பு 27 என்றால் 162 அங்குலம். ஏப்ரன்களுக்கும் ஓர மடிப்புகளுக்கும் இன்னும் 70 அங்குலமளவு. ஆக ஏறக்குறைய 6½ யார். எல்லோரும் சொல்லும் 8 யார் பெரிய செட்டுக்குத்தான் தேவைப்படும். இரட்டை அகலத் துணியென்றால் பாதி நீளம் வாங்கி, நெடுக்கே நடுவில் வெட்டி இணைக்கலாம். இரண்டு கரையும் ஒரே கோட்டில் முடிகிறதா என்று கடையிலேயே விரித்துப் பாருங்கள். சாரத்துக்குப் போல இதற்கும் கரைதான் கீழ் விளிம்பு, மடித்துத் தைப்பதில்லை.

இனி முக்கியமான இடம். பிட்டம் 40, இடுப்பு 34 என்று வையுங்கள். பின்பாதிக்கு 20, 17. இருபதை 27ஆல் வகுத்தால் மடிப்பின் முகம் பிட்டத்தில் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, இடுப்பில் 0.63. அதாவது மேலே போகப் போக ஒவ்வொரு மடிப்பும் 1/9 அங்குலம் ஒடுங்க வேண்டும். மடிப்புக்கு 1/16 அங்குலம் தவறினால்கூட, 27க்கும் சேர்த்து 1½ அங்குலத்துக்கு மேல் போய்விடும், பக்கிள் எட்டாது. ஐந்து மடிப்புக்கு ஒருமுறை டேப்பை வைத்துப் பாருங்கள். செட்டுக்கு மடித்தால் பின்புறமும் முன்புறம் போலவே கோலம் காட்டும். கோட்டுக்கு மடித்தால் எல்லா மடிப்பிலும் ஒரே கோடு. இராணுவ கில்ட்டில் பெரும்பாலும் இரண்டாவது வகை.

மேல் மூன்றிலொரு பங்கை மட்டும் கைத்தையலால் தையுங்கள். மெஷினில் துணி நகர்ந்து கோடுகள் படியேறும். உள்ளே மிஞ்சும் மடிப்புத் துணியை வெட்டுமுன் குறுக்கே ஒரு வரிசை தைத்து, கன்வாஸ் வையுங்கள். இல்லாவிட்டால் வாரின் இழுவை முழுதும் மடிப்புத் தையலில் விழுந்து பிரிந்துவிடும். உள் ஏப்ரனின் வார் இடது பக்கத் துவாரத்தால் வெளியே வந்து மாட்டும். வெளி ஏப்ரன் வலப்பக்கம் முடியும்.

மடிப்புகளைக் கீழ்வரை நூலோட்டி, ஈரத் துணி போட்டு அயன் பண்ணி, ஆறும்வரை அசைக்காதீர்கள். கில்ட் ஊசி என்ற அலங்கார ஊசியை வெளி ஏப்ரனில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்தால் உட்காரும்போது கிழியும். உடுத்தபின் மின்விசிறிக் காற்றில் உலர்த்தாமல் பொலித்தீன் பையில் போட்டால் நம் ஊர் ஈரலிப்பில் பூஞ்சணம் பிடிக்கும்.