கிணற்றில் பாதி: ஊரில் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

மூன்று கிழமை விடுப்பில் போய் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டை வாங்கிவிட்டு வரலாம் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் போனேன். உறுதி எழுதாமல் திரும்பி வந்தேன்.

குடியுரிமைச் சங்கதியை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கனடாக் குடியுரிமை எடுத்ததோடு இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. இரட்டைக் குடியுரிமை எடுக்காதவர் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர். அவர் பெயருக்குக் காணி எழுத முடியாது. "அண்ணன்ர பேரில எழுதுவம்" என்று யாராவது சொன்னால் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள். அண்ணன் நல்லவர்தான். அண்ணனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உறுதி எழுதும் நொத்தாரிசு உங்களுடைய ஆளாக இருக்கட்டும், விற்பவருடைய ஆள் வேண்டாம். தரகர் காட்டும் போட்டோப் பிரதியை வைத்துவிட்டு, காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது காணி யார் யார் கைக்கு மாறியது என்ற பதிவு, பார்க்கச் சொல்லுங்கள். முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்.

சரி, கிணற்றுக்கு வருகிறேன்.

கொக்குவிலில் ஓர் ஒழுங்கைக்குள் நாலு பரப்பு, பழைய ஓட்டு வீடு. சின்ன வயதில் அந்த முற்றத்தால் குறுக்கே ஓடித்தான் பள்ளிக்கூடம் போவேன். இப்போது கதியால்கள் தடித்து மரமாகி நிற்கின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் எனக்கு மாமி முறையான ஒருவர் தனியே இருக்கிறார். கிணறு வேலியின் நடுவில், ஆளுக்குப் பாதி.

வேலியைப் பார்த்துக் காணி பிரித்தாகிவிட்டது என்று நம்பியதுதான் என் பிழை. அது அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சில் போட்ட வேலி. உறுதியில் இருந்ததோ எட்டுப் பரப்பில் பிரிபடாத அரைப்பங்கு, கிணற்றில் பாதி, வழி வாய்க்கால். தேசவழமைப்படி, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டப்படி, அப்படியான பங்கை வாங்கும் முதல் உரிமை மற்றப் பங்காளிக்கு. அவருக்கு அறிவிக்காமல் வாங்கினால் பிறகு வழக்குப் போட்டு உங்களிடமிருந்து எடுக்கலாம். 1947இல் இதற்கென்றே ஒரு கட்டளைச் சட்டம் வந்திருக்கிறது.

காணியைப் பிரித்து அளக்கச் சேவெயர் வந்த அன்று மாமி கிணற்றுக்கட்டில் போய் இருந்துவிட்டார்.

"நீங்கள் எல்லாரும் வெளிக்கிட்டிட்டியள். வருசா வருசம் கிணறு இறைச்சுச் சேறு அள்ளினது ஆர், தம்பி? இப்ப பாதி வேணுமோ?"

நான் சட்டம் பேசினேன். மாமியிடம், கிணற்றடியில், இலக்கத்தோடு. சேவெயர் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்குக் கொடுத்த காசும் போயிற்று.

மறுநாள் பிஸ்கட் பெட்டியோடு போனேன். அடுத்த நாள் விதானையாரைக் கூட்டிக்கொண்டு போனேன். பிறகு கோயில் ஐயரையும் கேட்டுப் பார்த்தேன். அவர் மெல்லக் கழன்றுகொண்டார். ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் மாமி தேத்தண்ணீர் தந்தார், அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். கையெழுத்து மட்டும் தரமாட்டேன் என்றார்.

பன்னிரண்டாம் நாள் தோம்பு கைக்கு வந்தது. மாமியின் கையெழுத்து எனக்குத் தேவையே இல்லையாம். அவருடைய பங்கு எப்போதோ மகனுக்கு நன்கொடையாக எழுதப்பட்டுவிட்டது. மாமி அதை மறைத்தாரா, மறந்தாரா என்று நான் கேட்கவில்லை. மகன் ஸ்கார்பரோவில் இருக்கிறான், என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளி.

ஆகவே விமானச்சீட்டு எடுக்க முதல் தோம்பை எடுப்பியுங்கள். பங்காளிகள் ஆர், எந்த ஊரில் என்று தேடுங்கள். பாதிப் பேர் இங்கேதான் இருப்பார்கள். காணியைப் பிரிக்கச் சம்மதம் என்றால், டொரண்டோ துணைத் தூதரகத்தில் அவர்களிடம் அற்றோணித் தத்துவம், அதாவது அவர்களுக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரம், எழுதி வாங்கிக்கொண்டு போகலாம்.

நான் வந்து ஒரு மாதமாகிறது. அவனிடம் இன்னும் போகவில்லை. போனால் முதலில் "அம்மா எப்பிடி இருக்கிறா?" என்றுதான் கேட்பான். ஒன்பது நாளும் நான் அவவோடு கதைத்தது கிணற்றைப் பற்றி மட்டும்தான்.