பொறியாளர், அறிவியலாளர், தொழிலதிபர்: அவர்களின் வாழ்க்கையை எழுதும் முறை

ஒரு பொறியாளரைப் பற்றியோ அறிவியலாளரைப் பற்றியோ தொழிலதிபரைப் பற்றியோ எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பிறந்த ஊரில் தொடங்கி, படித்த கல்லூரி, வகித்த பதவி, வாங்கிய விருது என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். படித்து முடித்தவரிடம் அந்த மனிதர் என்ன வேலை செய்தார் என்று கேட்டால் பதில் இருக்காது. இந்தக் குறை நேராமல் எழுதுவதற்கு நான் கைக்கொண்டுவரும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தத் துறையே அறியாத ஒருவருக்கு விளங்கும்படி, அவர் செய்த காரியத்தை மூன்று வாக்கியங்களுக்குள் எழுதிப் பாருங்கள். மைக்கேல் ஃபாரடே மின்சாரத் துறையின் முன்னோடி என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியாகக் கம்பி சுற்றி, ஒரு சுற்றில் மின்சாரத்தை இணைக்கும் கணத்திலும் துண்டிக்கும் கணத்திலும் மட்டும் மற்றச் சுற்றின் கம்பிக்கு அருகே வைத்திருந்த காந்த ஊசி அசைவதை அவர் 1831 ஆகஸ்டில் கண்டார் என்றும், இன்றைய மின்மாற்றி அந்த அசைவு காட்டிய விதியைக் கொண்டுதான் இயங்குகிறது என்றும் எழுதினால் வாசகரின் கையில் ஒரு பொருள் கிடைக்கிறது. இந்த மூன்று வாக்கியங்கள் உங்களுக்கு வரவில்லை என்றால், எழுதும் வேளை இன்னும் வரவில்லை என்று பொருள், மேலும் படியுங்கள்.

அடுத்தது ஆண்டுப் பட்டியல். ஒரு தாளை மேலிருந்து கீழாக மூன்று பத்திகளாகப் பிரித்து, முதலில் ஆண்டையும், அடுத்து அப்போது அவருக்கு இருந்த வயதையும், மூன்றாவதாக நிகழ்ச்சியையும் எழுதுங்கள். வயதுப் பத்தி தேவையற்றதாகத் தோன்றினாலும் அதுதான் பல உண்மைகளைக் காட்டிக்கொடுக்கும். சி. வி. ராமனுக்கு இப்படி ஒரு பட்டியல் போட்டால், 1907 முதல் 1917 வரை, அதாவது இளமையின் மிகச் சுறுசுறுப்பான பத்து ஆண்டுகள், அவர் அரசு நிதித் துறையில் அதிகாரியாக இருந்தார் என்பதும், ஆய்வுகளைப் பெரும்பாலும் அலுவலுக்கு முன்னும் பின்னும் கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில்தான் செய்தார் என்பதும் கண்ணில் படும். அதன்பின் குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு அவர் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் போனார் என்ற ஒற்றை வரிக்கு, பத்தாண்டுகளின் கனம் வந்து சேரும். பட்டியலில் ஒன்றுமே எழுதப்படாத ஆண்டுகள் வரும்போது அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு வாழ்க்கையின் முக்கியமான முடிவுகள் பல அந்த வெற்றிடங்களுக்குள்தான் இருக்கும்.

தகவல்களை எங்கே தேடுவது? கடிதங்கள், ஆய்வகக் குறிப்பேடுகள், காப்புரிமை ஆவணங்கள், நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். காப்புரிமை ஆவணம் ஒன்று விண்ணப்பித்த நாளையும் கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களையும் சேர்த்தே தருவதால், யார் எப்போது என்ன செய்தார் என்ற சண்டையில் பாதியை அதுவே தீர்த்துவைக்கும். லண்டன் ராயல் சொசைட்டி, மறைந்த தன் உறுப்பினர்களைப் பற்றி அதே துறை அறிஞர்களைக் கொண்டு எழுதுவித்து, 1932 முதல் வெளியிட்டுவரும் நினைவுக் கட்டுரைகள் அறிவியலாளர்களைப் பொறுத்தவரை ஒரு புதையல். தன்வரலாறுகளை மனநிலை அறியப் படியுங்கள். தேதிக்கு மட்டும் அவற்றை நம்பாதீர்கள், ஏனென்றால் முதுமையில் எழுதுகிற எவருக்கும் ஆண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

புகழ்பெற்ற கதைகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பது இதன் தொடர்ச்சி. ஆப்பிள் விழுவதைக் கண்டு ஈர்ப்பைப் பற்றிச் சிந்தித்ததாக முதிய வயதில் நியூட்டனே நண்பரிடம் சொல்லியிருக்கிறார்; அது தலையில் விழுந்தது என்பது பிறர் சேர்த்தது. ஐன்ஸ்டைன் பள்ளியில் கணிதத்தில் தோற்றார் என்பது முழுப்பொய். நான் தொடக்க காலத்தில் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தக் கணிதக் கதையை அப்படியே சேர்த்திருந்தேன். அதைப் படித்த ஒரு மாணவி, தானும் கணிதத்தில் தோற்றவள் என்பதால் ஆறுதலாக இருந்தது என்று சொன்னபோது, இல்லாத ஒன்றைக் கொடுத்து ஒருவரைத் தேற்றியிருக்கிறேன் என்று வருந்தினேன். அன்றிலிருந்து, யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்டு விடை கிடைக்காத கதை எதையும் நான் எழுதுவதில்லை.

தோல்வியை எழுதும் இடத்தில்தான் கட்டுரை உயிர் பெறும் அல்லது சாகும். பல தடைகளைத் தாண்டி வென்றார் என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, அந்தத் தடை எது, அது எப்படி இயங்கியது, எதனால் நீங்கியது என்று எழுதுங்கள். ரைட் சகோதரர்களை எடுத்துக்கொள்வோம். 1901 இல் அவர்கள் கட்டிய, இயந்திரம் இல்லாமல் காற்றில் மிதக்கும் விமானம், கணக்கிட்டதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூக்குவிசையைத்தான் தந்தது. அவர்கள் பயன்படுத்திய கணக்கில், காற்றின் அழுத்தத்தைக் குறிக்கும் எண் ஒன்று நூறாண்டுக்கும் மேலாக எல்லோராலும் 0.005 என்று கொள்ளப்பட்டுவந்தது. சோர்ந்து வீடு திரும்பியவர்கள், மிதிவண்டிக் கடையின் மாடியில் ஆறடி நீளமுள்ள மரப்பெட்டி ஒன்றை, உள்ளே காற்றைச் செலுத்தி இறக்கைகளைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கமாக அமைத்தார்கள். மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளையும் உலோகம் அறுக்கும் வாளின் அலகுகளையும் வளைத்து அதற்குத் தராசு செய்தார்கள். ஏறத்தாழ இருநூறு சிறிய இறக்கை வடிவங்களை ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்தார்கள். அந்த எண் உண்மையில் 0.0033 அளவில்தான் இருக்க வேண்டும் என்பதை அவர்களின் அளவீடுகள் காட்டின. 1903 டிசம்பர் 17 அன்று 12 விநாடிகள் பறந்த விமானத்தின் இறக்கை அந்தப் பெட்டிக்குள் பிறந்ததுதான். விடாமுயற்சி என்ற சொல்லை ஒருமுறைகூட எழுதாமல் அதை முழுமையாகக் காட்டிவிடலாம் என்பதற்காகவே இந்த எடுத்துக்காட்டை விரிவாகச் சொன்னேன்.

உடன் உழைத்தவர்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். ராமனுக்கு 1930 இல் கிடைத்த நோபல் பரிசு அவர் ஒருவருக்குத்தான். ஆனால் புதிய ஒளிச்சிதறலை அறிவித்து 1928 இல் வெளியான முதல் குறிப்பில் கே. எஸ். கிருஷ்ணனின் பெயரும் இருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங், நீருக்கடியில் அழுத்தக் காற்றறைகளில் வேலைசெய்ததால் உண்டான நோயால் படுத்துவிட, அவருடைய மனைவி எமிலி பொறியியலைக் கற்றுக்கொண்டு, பாலம் 1883 இல் திறக்கப்படும் வரை அவருக்கும் பணியிடத்துக்கும் இடையே நின்று வேலையை நடத்தினார். ஒருவரைப் புகழ்வதற்காக மற்றொருவரை மறைப்பது பிழையான வரலாறு என்பதோடு, அநீதியும் ஆகும்.

தொழிலதிபர்களைப் பற்றி எழுதும்போது ஒரு கேள்வி கூடுதலாக வேண்டும்: பணம் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது? ஹென்றி ஃபோர்டு 1899 இல் சேர்ந்து தொடங்கிய முதல் கார் நிறுவனம் 1901 இல் கலைந்தது. இரண்டாவதிலிருந்து 1902 இல் அவர் வெளியேறினார். இன்று நாம் அறிந்த நிறுவனம் 1903 இல் வந்த மூன்றாவது. 1914 இல் நாளுக்கு ஐந்து டாலர் என்று அவர் அறிவித்த வருமானத்தை வெறும் தாராள மனம் என்று எழுதுவோர் பலர். நகரும் உற்பத்தி வரிசையின் சலிப்பூட்டும் வேலையைத் தாங்காமல் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள் என்ற பின்னணியையும், அந்தத் தொகையின் ஒரு பகுதியைப் பெறுவதற்குத் தொழிலாளியின் வீட்டு வாழ்க்கையையே நிறுவனம் சோதித்தது என்பதையும் சேர்த்தால்தான் படம் முழுமையாகும். நிறுவனங்கள் தாமே வெளியிடும் வரலாறுகளில் இத்தகைய பின்னணி அரிதாகவே இடம்பெறும் என்பதால், அக்கால நாளிதழ்களையும் நீதிமன்றப் பதிவுகளையும் தேடிப் படிக்க நேரம் ஒதுக்குங்கள்.

உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதினால், அவருடைய பொதுப்பணியோடு தொடர்பில்லாத குடும்பச் செய்திகளை விட்டுவிடுங்கள்.

கட்டுரையைப் பிறப்பில் தொடங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஃபாரடேயை 1812 இல் தொடங்கலாம்: புத்தகம் கட்டும் கடையில் வேலை கற்ற அந்த இளைஞர், வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளைப் படங்களோடு செம்மையாகப் படியெடுத்து, தம் கையாலேயே கட்டி, அந்த அறிஞருக்கே அனுப்பிவைத்தார்; மறு ஆண்டே டேவியின் ஆய்வகத்தில் உதவியாளரானார். அவருடைய வறுமை, கைத்திறன், ஆர்வம் மூன்றும் அந்த ஒரு புத்தகத்தில் அடங்கியிருக்கின்றன. பிறந்த ஆண்டைப் பிறகு ஒரு வரியில் சொல்லிக்கொள்ளலாம்.

எழுதி முடித்த பிறகு கட்டுரையை இரண்டு பேரிடம் கொடுங்கள். அந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவர் பிழையைக் கண்டுபிடிப்பார். அந்தத் துறையே தெரியாத ஒருவர் எந்த இடத்தில் விளங்காமல் நின்றுவிட்டார் என்று சொல்வார். இருவர் சொன்னதையும் திருத்திய பின், ஆண்டுப் பட்டியலை மீண்டும் எடுத்து, கட்டுரையில் உள்ள ஒவ்வொரு ஆண்டையும் பெயரையும் வயதையும் விரல்வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தும்போது நுழையும் பிழைகள் அப்போதுதான் அகப்படும்.