செய்முறைக் கேள்விகளுக்கு மதிப்பெண் விழும் விதம்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பயிற்சி மையங்களில் லினக்ஸ் படித்துச் சான்றிதழ்த் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர்கள், கல்லூரி லேப் தேர்வின் பழக்கத்தோடுதான் வருகிறார்கள். அங்கே அவுட்புட் வராவிட்டாலும் செய்முறையை எழுதியதற்கும் வைவாவுக்கும் மதிப்பெண் உண்டு. ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் நிர்வாகிச் சான்றிதழான ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் அந்த இரக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். எந்தக் கட்டளையை எத்தனை முறை தட்டினீர்கள் என்பதல்ல, முடிவில் இயந்திரம் எந்த நிலையில் நிற்கிறது என்பதே அங்கு மதிப்பிடப்படுகிறது. தேர்ச்சிக்கு 300-க்கு 210 வேண்டும்.

அந்த நிலை, இயந்திரத்தை மறுதொடக்கம் செய்த பிறகும் யார் கையும் படாமல் நிலைத்திருக்க வேண்டும் என்பது ரெட் ஹாட்டின் வெளிப்படையான நிபந்தனை. வெப் சர்வரை ‘ஸ்டார்ட்’ மட்டும் செய்து, பிரவுசரில் பக்கம் தெரிந்ததும் அடுத்த கேள்விக்குப் போனவருக்கு, ‘எனேபிள்’ (இயந்திரம் தொடங்கும்போதே தானாக ஓடச் செய்தல்) செய்யாத காரணத்தால் அந்த வேலை வீணாகிறது. ஃபயர்வால் விதியை ‘பெர்மனன்ட்’ (நிரந்தரம்) என்று குறிக்காமல் சேர்ப்பதும் இதே கதைதான். இவற்றைவிடக் கொடியது, தொடக்கத்தில் எந்த வட்டுப்பகுதிகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் வரும் எழுத்துப்பிழை: வட்டுப்பகுதியின் அடையாளக் குறியீடான யுயுஐடியில் ஓர் எழுத்து தவறினாலும் இயந்திரம் வழக்கம்போல் தொடங்காமல் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடக்கூடும், அப்போது சரியாகச் செய்த பிற வேலைகளும் சேர்ந்து போகும். ஆகவே அந்தக் கோப்பைத் திருத்தியதும் அதிலுள்ளவற்றை உடனே இணைத்துக் காட்டும் ‘மவுண்ட் -ஏ’ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். கடைசி இருபது நிமிடத்தை மறுதொடக்கத்துக்கும் சரிபார்ப்புக்கும் ஒதுக்குங்கள்.

பல கணினிகளில் செயலிகளை இயக்கி நிர்வகிக்கும் மென்பொருளான குபர்நெட்டீஸின் நிர்வாகிக்கான சிகேஏ தேர்வும் விளைவையே பார்க்கிறது. 2 மணி நேரம், தேர்ச்சிக்கு 66 விழுக்காடு. கேள்வி வேறுவிதமாகச் சொல்லாத வரை எந்த வழியில் செய்தாலும் ஏற்பார்கள். ஆனால் நேம்ஸ்பேஸ் (குபர்நெட்டீஸுக்குள் வேலைகளைப் பிரித்து வைக்கும் பகுதி) மாறினாலோ, கேட்ட பெயரில் ஒரு ஹைஃபன் விடுபட்டாலோ, நன்றாக ஓடும் ‘பாட்’ (அதில் செயலி இயங்கும் அலகு) கூட மதிப்பெண் தராது. பெயர்களைக் கையால் தட்டாமல் கேள்வியிலிருந்து காப்பி செய்வதே நல்லது. வீட்டிலிருந்து எழுதுபவர்கள், இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் கணினியோடு ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் இணைத்துவிடுவது நலம்.

காம்ப்டியா அமைப்பின் கணினிப் பாதுகாப்புத் தேர்வான செக்யூரிட்டி பிளஸ் சற்றுத் தாராளமானது. அதன் செய்முறைக் கேள்விகள் சிலவற்றில் பகுதி மதிப்பெண் கிடைக்கக்கூடும் என்பதால், தெரியாத கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். அவை பெரும்பாலும் தொடக்கத்திலேயே வரும். 90 நிமிடத்தில் பெரும்பங்கை அவை விழுங்காதபடி குறியிட்டு வைத்துவிட்டுப் பின்னர் திரும்பலாம். சிஸ்கோவின் நெட்வொர்க் தேர்வான சிசிஎன்ஏவில் அப்படித் திரும்ப வழியில்லை. கேள்வி கேட்டிருந்தால் உள்ளமைவைச் (கான்ஃபிகரேஷன்) சேமித்த பிறகே ‘நெக்ஸ்ட்’ அழுத்துங்கள்.